ரசீது இருந்தால்தான் பாட்டு திறக்கும்

முப்பது வயதில் ஓய்வு பெற்றவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிரியாவிடை விருந்து கிடையாது, கைக்கடிகாரம் கிடையாது. நான் செய்த தொழில் ஒரு நாள் எழுந்து போய்விட்டது. நாற்காலியில் நான் மட்டும் மிச்சம்.

இப்போது ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் ஒலிபெருக்கி வேலை. போன வாரம், புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே, உங்க காலத்துல பாட்டைக் காசு குடுத்து வாங்குவாங்களாமே. ஒவ்வொண்ணா?"

"ஆமா."

"வாங்கின பிறகும் பூட்டியே இருக்குமா?"

"ஆமாலா."

"அப்ப வாங்கினவங்க லூசா, வித்தவங்க லூசா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு எட்டு வருஷம் சம்பளம் குடுத்தாங்க."

"உங்க காலம்" என்று சொன்னார்களே, அதுதான் குத்தியது. அவர்களுக்கும் எனக்கும் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம். அந்தக் கடுப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் என் தமிழ்க் கட்டுரைகளுக்குச் சிவப்பு மை தீர்ந்துபோகும். இதில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

தொழிற்கல்வியைப் பாதியில் விட்டவன் நான். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பயிற்சி முடிந்து வந்தபோது என் கையில் இருந்த தகுதிகள் இரண்டு: நன்றாக விசிலடிப்பேன், கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயப்பட மாட்டேன். ஜாலான் புசாரில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில் ஆள் தேவை என்று கதவில் ஒட்டியிருந்தது. கீழே ஆணி, திருகு விற்கும் கடை. பக்கத்தில் ஒரு ஹோட்டல். மேலே ஏறினால் மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, யோகேஸ்வரி மிஸ்.

மிஸ் யாழ்ப்பாணப் பூர்வீகம். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபது வருடம் கிளார்க்காக இருந்துவிட்டு, அண்ணன் நடத்திய கேசட் கடையை வாங்கி இந்தத் தொழிலாக மாற்றியவர். எல்லாரையும் "நீர்" என்பார். எங்கள் வீட்டில் என்னை "டேய்"க்கு மேல் யாரும் கூப்பிட்டதில்லை. முதல் நாள் "இஞ்ச வாரும், இதில இரும்" என்றதும் பின்னால் வேறு யாரோ பெரிய மனிதர் நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

தொழில் இதுதான். இணையக் கடைகளில் விற்ற பாட்டுகளுக்குப் பூட்டு இருக்கும். நீங்கள் பதிவு செய்த கம்ப்யூட்டரில் மட்டும்தான் பாடும். அதுவும் வாரத்துக்கு ஒரு முறை கடையின் தலைமைக் கம்ப்யூட்டரிடம், "பாடலாமா?" என்று கேட்டுக்கொள்ளும். ஆனால் விற்றவர்களே ஒரு வாசலும் வைத்திருந்தார்கள். வாங்கிய பாட்டைச் சில தடவை மட்டும் சீடியில் பர்ன் செய்துகொள்ளலாம். சீடியில் ஏறியதும் பூட்டு கழன்றுவிடும். அந்த சீடியிலிருந்து மறுபடி கம்ப்யூட்டருக்கு எடுத்தால் அது உங்கள் பாட்டு, எங்கும் பாடும்.

பூட்டை உடைக்கும் திருட்டு மென்பொருள் எத்தனையோ இருந்தது. மிஸ் தொடமாட்டார்.

"வாசல் திறந்திருக்கேக்க ஏன் ஜன்னலால குதிக்கிறீர்?"

வாசல் வழியே போவதற்கும் ரசீது வேண்டும். பாட்டை வாங்கியதற்கான ரசீது. அது இல்லாமல் யார் வந்தாலும் மிஸ் படியைக் காட்டுவார். ஒரு நாள் ஒரு தொலைக்காட்சி நடிகர் கறுப்புக் கண்ணாடியுடன் வந்து, "என்னைத் தெரியலையா?" என்றார். "உம்மைத் தெரியும். ரசீதைத்தான் தெரியேல்லை" என்றார் மிஸ். நடிகர் மறுநாள் ரசீதோடு, கண்ணாடி இல்லாமல் வந்தார்.

பயிற்சி மூன்று மாதம். அதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பாட்டு, இடம் மிச்சம் பிடிக்க, ஏற்கெனவே ஒரு முறை சுருக்கப்பட்டது, அதை மறுபடியும் சுருக்காதே. கோப்பியில் கடைக்காரன் ஒரு முறை தண்ணீர் ஊற்றியிருக்கிறான், நீயும் ஊற்றினால் அது கோப்பி இல்லை. ஆகவே சீடியிலிருந்து எடுக்கும்போது துளியும் குறையாத பெரிய கோப்பாக எடுக்க வேண்டும். "இல்லாததைச் சேர்க்க எங்களால ஏலாது. இருக்கிறதைக் குறைக்காமல் குடுப்பம்" என்பார் மிஸ். இந்த ஒரு வரிக்கு எதற்கு மூன்று மாதம் என்று கேட்காதீர்கள். அதில் இரண்டு மாதம் நான் கீழே கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

வேலை செய்யும் முறை சுவரில் ஒட்டியிருந்தது. மிஸ் கையெழுத்தில் ஏழு விதிகள். ஒன்று, ரசீது பார். இரண்டு, புது டிஸ்க்கைத் துடை. மூன்றாவதை இப்போது சொல்லமாட்டேன், ஏன் என்று பின்னால் தெரியும். நான்கு, மிக மெதுவான வேகத்தில் பர்ன் செய். ஐந்து, பர்ன் ஆகும்போது நடக்காதே. அந்தக் கடைவீட்டின் மரத்தரை, ஆள் நடந்தால் மேசையோடு சேர்ந்து ஆடும். அதனால் டிஸ்க் ஓடும் இருபது நிமிடமும் எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வாடிக்கையாளருக்கும் அதே சட்டம். பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பதுபோல் இருக்கும். ஆறு, முழுக்கக் கேள்.

ஏழாவதுதான் எனக்குப் பிடித்தது. வாடிக்கையாளரைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, பழைய பாட்டையும் புதுப் பாட்டையும் மாற்றி மாற்றிப் போடுவோம். எது எது என்று அவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வேலை சரி. கண் பார்த்தால் காது பொய் சொல்லும் என்பது மிஸ்ஸின் கொள்கை.

நான் சும்மா இருப்பேனா? காதைப் பற்றிப் பெருமையடிக்கும் ஆள் வந்தால், ஒரே பாட்டை இரண்டு முறை போடுவேன். "ரெண்டாவதுல பேஸ் கொஞ்சம் ஆழமா இருக்கு தம்பி" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். நான் வாயைப் பொத்திக்கொள்வேன். ஒரு நாள் துணிச்சல் முற்றி மிஸ்ஸுக்கே அதைச் செய்தேன். மிஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கேட்டு முடித்து, திரும்பாமலே சொன்னார்:

"ரெண்டும் ஒண்டு. ஆனால் ரெண்டாம் தரம் போடேக்க நீர் சிரிச்சனீர். கதிரை கிறீச்செண்டது."

அதற்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து அவரிடம் வாலாட்டவில்லை. சுவரிடம் ஆட்டினேன். இணையத்திலிருந்து ஹெட்போன் மாட்டிய பூனைப் படம் ஒன்றை அச்சடித்து, அந்த விதித்தாளின் மேலேயே ஒட்டினேன். பூனை சரியாக மூன்றாவது விதியின் மேல் உட்கார்ந்துகொண்டது. மிஸ் பார்த்தார், உரிக்கவில்லை. ஏழும் அவருக்கு மனப்பாடம். எனக்கும் மனப்பாடம் என்று நினைத்துவிட்டார். மனிதர்களை நம்புவது அவரிடம் இருந்த ஒரே குறை.

இனி கேப்டன் கதை.

ஒரு புதன்கிழமை பகலில், பேருந்து ஓட்டுநர் சீருடையோடு ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். மாணிக்கம், உட்லண்ட்ஸ்காரர். இங்கே பேருந்து ஓட்டுபவரைக் கேப்டன் என்றுதானே சொல்வோம், அவரைப் பார்த்தால் கப்பல் கேப்டனுக்கே சந்தேகம் வரும், அப்படி ஒரு மீசை. ரசீதை முதலில் நீட்டினார். மிஸ்ஸின் முகம் மலர்ந்தது.

"மாலினி சங்கீதக் குழுவா? கேள்விப்படேல்லையே."

"எப்படிக் கேள்விப்படுவீங்க மிஸ், அது நாங்கதான். டிப்போவுல நாலு பேர் சேர்ந்து ஆரம்பிச்சோம். பொண்ணுங்க பாட்டுக்கு என் வீட்டுக்காரம்மா வசந்தா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி எட்டுப் பாட்டு ரெக்கார்ட் பண்ணினோம். ஒரு கம்பெனி எடுத்து ஆன்லைன்ல வித்துச்சு."

"சொந்தப் பாட்டையே காசு குடுத்து வாங்கினீங்களா அண்ணே?" என்றேன்.

"பின்னே? யாராச்சும் ஆரம்பிச்சு வைக்கணும்ல." கேப்டன் கூச்சப்படவில்லை. "கம்பெனி மூடுறப்ப கடிதம் போட்டாங்க. மொத்தம் ரெண்டு பேர் வாங்கியிருக்காங்களாம். ஒண்ணு நான். இன்னொரு ஆள் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை தம்பி. அந்த மகராசனை மட்டும் கண்டேன், விழுந்து கும்பிட்டுடுவேன்."

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் தீபாவுக்குச் சிராங்கூன் சாலையில் ஒரு கோயில் மண்டபத்தில் கல்யாணம். தீபா ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தாள்: மணமேடைக்கு அம்மாவின் பாட்டில்தான் நடந்து வருவேன். ஐந்தாவது பாட்டு. வசந்தா அக்காவால் இப்போது பாட முடியாது. ஐந்து வருடம் முன்பு கழுத்தில் ஒரு ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல் மட்டும் கரகரவென்று இறங்கிவிட்டது. ஆகவே ரெக்கார்டிங்தான் வழி. ஆனால் மூலப் பதிவு எந்த ஸ்டூடியோவிலும் இல்லை. கம்பெனியும் இல்லை, அது மூடியதோடு இணையக் கடையில் அதைப் புதிதாக வாங்கவும் முடியாது. வாங்கிய பாட்டு மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பூட்டோடு. அதை விற்ற இணையக் கடையும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிரந்தரமாக மூடுகிறது. அதற்குப் பிறகு பாட்டு, "பாடலாமா?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

"எத்தனை தரம் பர்ன் பண்ணலாம்?" மிஸ் கேட்டார்.

"மூணு. ரெண்டு போயிடுச்சு."

"எப்படி?"

"முத டிஸ்க்கை பஸ் டேஷ்போர்டுல வெச்சேன். வெயிலுக்கு வளைஞ்சு அப்பளம் ஆயிடுச்சு. ரெண்டாவதை ஜொகூர்ல என் மச்சான் கேட்டான். கடற்பாலத்தைத் தாண்டிப் போன எந்தப் பொருள் திரும்பி வந்திருக்கு?"

ஆக, மிச்சம் ஒரே ஒரு பர்ன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினோம். டிஸ்க்கை நானே துடைத்தேன். மிஸ் மின்விசிறியை நிறுத்தினார். கீழே ஆணிக்கடைக்காரரிடம் போய், இருபது நிமிடம் எதையும் கீழே போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். அந்த இருபது நிமிடம் எனக்கு மூக்கில் அரிப்பு. சொறியவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகம் அது.

டிஸ்க் வெளியே வந்தது. மிஸ் ஹெட்போன் மாட்டிக் கேட்க உட்கார்ந்தார். அவர் கேட்கும் விதம் எனக்குப் பாடம். கண் கூரையில் இருக்கும். இடது கை மேசையில் கவிழ்ந்திருக்கும். நல்லதென்றால் அசையமாட்டார். தவறு கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்.

முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

ஐந்தாவது பாட்டின் தொடக்கத்துக்குத் தாவினார். கேட்டார். பிறகு ஹெட்போனை என்னிடம் நீட்டினார்.

அந்தப் பாட்டு வாத்தியம் எதுவும் இல்லாமல் ஆரம்பிக்கும். வசந்தா அக்காவின் குரல் மட்டும் தனியாக ஒரு ஆறு வினாடி எழுந்து வரும், பிறகுதான் மற்றவை சேரும். அதற்கு முந்திய நாலாவது பாட்டு டிப்போ குத்துப்பாட்டு. டோலக் அடி, நாலு ஓட்டுநர்கள் "ஹோய் ஹோய்" என்று கத்தி முடியும். என் காதில் விழுந்தது, அந்த அம்மாவின் குரல் எழும் இடத்தில் நாலு ஆண்கள் ஹோய் ஹோய் என்று கத்தும் சத்தம்.

முந்திய நாள் ஒரு பையன் நடன விருந்துக்கு சீடி கேட்டான். ஒரு பாட்டின் வாலும் அடுத்ததின் தலையும் குழைந்து இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும் என்றான். அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு அமைப்பு, செட்டிங், இருந்தது. போட்டேன். எடுக்க மறந்துவிட்டேன்.

மிஸ் எழுந்து சுவரருகே போய், பூனையை மெதுவாக உரித்தார். கீழே இருந்தது: மூன்று, முந்தைய வேலையின் அமைப்புகளை எல்லாம் அழி.

திட்டினால் தாங்கியிருப்பேன். மிஸ் பூனையை என் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மிஸ், ஹெட்போன் ஓட்டையில கேபிள் போட்டு ரெக்கார்ட் பண்ணிடலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாட்டு பாடுமே."

"செய்யும். ஆனால் கேட்டுப் பாரும்."

செய்து பார்த்தேன். பாட்டு வந்தது. கூடவே பக்கத்து ஹோட்டல் லிஃப்ட் மோட்டாரின் இரைச்சலும் கம்பி வழியே வந்தது. மற்ற பாட்டுகளில் தெரியாது. வாத்தியமே இல்லாத அந்த ஆறு வினாடியில், பாடும் அம்மாவின் மூக்கு நுனியில் கொசு உட்கார்ந்ததுபோல் கேட்டது.

"கொசுவோட குடுக்கலாம்," என்றார் மிஸ். "அது கடைசி வழி. முதல்ல அவரிட்டப் போய்ச் சொல்லும். என்ன செய்தனீர் எண்டதை முதல் சொல்லும். ஏன் எண்டதை அவர் கேட்டால் சொல்லும். மன்னிப்பைக் கடைசியாக் கேளும். நடுவில பகிடி விடாதேயும்."

கேப்டனின் போன் அணைந்திருந்தது. ரயிலேறி உட்லண்ட்ஸ் போய், பேருந்து முனையத்தில் அவர் பேருந்தைக் கண்டுபிடித்து ஏறினேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

"தம்பி, முடிஞ்சுதா?"

வாயைத் திறந்தேன், பேருந்து கிளம்பிவிட்டது. அவர் தலைக்கு மேலே ஒரு பலகை: பேருந்து ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள். நாலு மொழியில். நான் விதிகளைப் படிக்க ஆரம்பித்த நாள் அது. அடுத்த இருக்கையில் உட்கார்ந்தேன். கேப்டன் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஐந்தாவது பாட்டை முணுமுணுத்தார். நாற்பது நிமிடம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகிற மாதிரி இருந்திருக்கும்.

முனையத்துக்குத் திரும்பி வந்து எல்லாரும் இறங்கிய பிறகு சொன்னேன். மிஸ் சொன்ன வரிசையில். பகிடி விடவில்லை, ஒரு ஜோக்குகூட இல்லை.

அவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். பிறகு, "எனக்குக் கோபப்பட நேரம் இல்லை தம்பி, பத்து நிமிஷத்துல அடுத்த டிரிப். ஆனா இதை வசந்தாகிட்ட நான் சொல்ல முடியாது. நீயே போய்ச் சொல்லு. எங்க வீடு இருக்கிற புளோக்குக்குக் கீழே அவ தோசைக்கடை," என்றார்.

வசந்தா அக்கா தோசைக்கல்லின் முன்னால் நின்றார். முதல்முறை அவர் குரலைக் கேட்டேன். மணல் கொட்டுவதுபோல் இருந்தது.

"என்னப்பா, முட்டை போடவா?"

சொன்னேன். அவர் தோசையைத் திருப்பிப் போட்டார்.

"இவ்வளவுதானே. நான் அப்பவே சொன்னேன், நாதஸ்வரம் இருக்கு, தவுல் இருக்கு, என் பாட்டு எதுக்குன்னு. அப்பாவும் மகளும் கேட்டாத்தானே." தோசையை மடித்துத் தட்டில் வைத்து என்னிடம் தள்ளினார். "சாப்பிடு. மூஞ்சி செத்துப்போன மாதிரி இருக்கு."

சாப்பிட்டேன். காசு வாங்க மறுத்தார். நான் கிளம்பும்போது, கல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்த ஆன்லைன் கடை எப்ப மூடுறான்?"

"நாளைக்கு ஆறு மணிக்குக்கா."

"ம்," என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கொசுவோடு போராடினேன். கேபிளை மாற்றினேன், கம்ப்யூட்டரை ஜன்னலருகே தள்ளினேன், கீழே போய் லிஃப்டைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று ஹோட்டலில் கேட்டேன். அங்கே லிஃப்டுக்குக் காத்து நின்ற, ஒன்பதாவது மாடியில் தங்கியிருந்த ஒரு பயணி அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கொசு கொஞ்சம் இளைத்தது, சாகவில்லை. ஐந்தரை மணிக்குக் கேப்டன் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

நாலே முக்கால் மணிக்குப் படியில் காலடி. வசந்தா அக்கா. நல்ல சேலை, கைப்பை. என்னைப் பார்க்காமல் நேராக மிஸ்ஸின் மேசைக்குப் போனார். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உறைக்குள் ஒரு தாள். அதை மேசையில் விரித்துக் கையால் நீவினார்.

"ரசீது இல்லாம நீங்க தொட மாட்டீங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

மிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். மேலிருந்து கீழே. மறுபடி மேலிருந்து. நான் எட்டிப் பார்த்தேன். மாலினி சங்கீதக் குழு, எட்டுப் பாட்டு, வாங்கியவர் வசந்தா மாணிக்கம்.

உலகத்தில் அந்தப் பாட்டை வாங்கிய இரண்டாவது ஆள்.

"ஓம்," என்றார் மிஸ். "இது செல்லும். எத்தனை தரம் பர்ன் பண்ணினீங்கள்?"

"ஒரு தடவைகூட இல்ல. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வாங்கினேன். குரல் போயிடலாம்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. வாங்கி வெச்சதோட சரி. போட்டுக் கேட்கலை."

மூன்று பர்ன் முழுசாக இருந்தது. நான் விசிலடிக்கப் போனேன். மிஸ் ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சந்தோஷப்பட நேரம் வரவில்லை, பாஸ்வேர்ட் அக்காவுக்கு மறந்துபோயிருந்தது. மகள் பெயர், கடை எண், புளோக் எண், எல்லாம் தட்டிப் பார்த்தோம். மணி ஐந்து. கடைசியில், மறந்தவர்களுக்கான ரகசியக் கேள்வி திரையில் வந்தது: உங்களுக்கு மிகவும் பிடித்த பாடகி யார்?

அக்கா திரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். காது சிவந்தது.

"நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

மிஸ் எழுந்தார். நானும் எழுந்தேன். எத்தனையோ வாடிக்கையாளரை உட்காரவைத்த அதே சுவரைப் பார்த்து நாங்கள் இருவரும் நின்றோம். பின்னால் ஒற்றை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்ததுபோல் கம்ப்யூட்டர் ஒரு மணி அடித்தது.

"வந்துடுச்சு," என்றார்.

திரும்பினோம். ஆனால் அந்த இணையக் கடைக்கு ரகசியம் காக்கத் தெரியவில்லை. கேள்வியையும் பதிலையும் சேர்த்துத் திரையின் நடுவில் பெரிதாகக் காட்டிக்கொண்டு நின்றது. பிடித்த பாடகி: வசந்தா. மிஸ் கையை நீட்டி அந்தப் பெட்டியை மூடினார், தூசி தட்டுவதுபோல். நான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கிண்டலை விழுங்கினேன். தொண்டையில் கொஞ்ச நேரம் நின்றது.

பாட்டுகள் இறங்கி முடியும்போது ஐந்து இருபது. நான் அமைப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து அழித்தேன். மிஸ் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஒருமுறை பார்த்தார்.

"அழுத்தும்."

மின்விசிறி நின்றது. மூன்று பேரும் உட்கார்ந்தோம். பத்து நிமிடம் போயிருக்கும், படியில் கனமான காலடி. கேப்டன். கதவைத் திறந்து ஒரு கால் உள்ளே வைத்தவர், எதிரே மனைவியைக் கண்டார்.

"நீ எங்க இங்க?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் விரலை உதட்டில் வைத்தோம். மிஸ் உள்ளங்கையைக் காட்டி, அப்படியே நில்லும் என்று சைகை செய்தார். கேப்டன் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் படியிலுமாக, மீசைகூட ஆடாமல் நின்றார். பாட்டிமார்கள் ஏறும்போது அவர் ஓட்டும் பேருந்துகூட அத்தனை அசையாமல் நின்றிருக்காது.

ஐந்து நாற்பத்தைந்துக்கு டிஸ்க் வெளியே வந்தது. கேப்டன் இரண்டாவது காலை உள்ளே வைத்தார். மிஸ் அவரிடம் ரசீதை நீட்டினார். படித்தார். மறுபடி படித்தார். தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"அஞ்சு வருஷமா அந்த ஆள் யாரு, யாருன்னு நான் புலம்புறேன். வீட்டுல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்க."

"நீங்களாக் கண்டுபிடிப்பீங்கன்னு பார்த்தேன்."

மிஸ் டிஸ்க்கிலிருந்து துளி குறையாமல் கம்ப்யூட்டருக்கு எடுத்து, ஐந்தாவது பாட்டை முதலில் தானே கேட்டார். கண் கூரையில். கை மேசையில். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது. பிறகு வசந்தா அக்காவைச் சுவர்ப் பக்கம் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினார். ஏழாவது விதி. பூட்டோடு ஒரு முறை, பூட்டில்லாமல் ஒரு முறை.

"எது பழசு, எது புதுசு?"

அக்கா திரும்பவில்லை. அந்த மணல் குரலில் சொன்னார்:

"தெரியலைங்க. ரெண்டும் நான்தான்."

ஆறு மணி அடிக்கும்போது அந்த இணையக் கடை திரையிலிருந்து மறைந்தது. நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கேப்டன் தரையில் உட்கார்ந்து வேட்டி கட்டாத குறையாகக் கையைக் கூப்பிக்கொண்டிருந்தார்.

"சொன்ன சொல் சொன்னதுதான். நில்லு, விழுறேன்."

"இங்க வேணாம்," என்றார் அக்கா. "மரத்தரை. மிஸ்ஸோட மேசை ஆடும். நாலு பேர் இருக்கிற இடத்துல விழுங்க."

கேப்டன் தலையாட்டினார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மிஸ்ஸும் நானும் போனோம். மண்டபத்து ஒலிபெருக்கிக்காரர் பக்கத்தில் நானே நின்று டிஸ்க்கைப் போட்டேன். அந்த அரை மணி நேரத்தில்தான் இப்போது நான் பார்க்கும் வேலைக்கு முதல் அடி விழுந்தது, அப்போது அது தெரியாது. தீபா வாசலில் வந்து நின்றாள். வாத்தியக்காரர்கள் நிறுத்தினார்கள். பொத்தானை அழுத்தினேன்.

ஹோய் இல்லை, கொசு இல்லை. ஒரு குரல் மட்டும் தனியாக எழுந்தது. முன்வரிசையில் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். தீபா நடந்தாள். மணமேடை அருகில் நின்றிருந்த அம்மாவிடம் வந்ததும் கட்டிக்கொண்டாள். யாரோ பக்கத்தில், "யாருப்பா பாடுறது?" என்று கேட்டார். மிஸ் அவரிடம், "அந்தா நிக்கிறா," என்றார், ஏதோ தானே பெற்றுவளர்த்த மாதிரி.

பாட்டு முடிந்தது. தாலி ஏறியது. அட்சதை தூவி எல்லாரும் உட்காரப் போகும்போது, பட்டு வேட்டியும் மீசையுமாகக் கேப்டன் கூட்டத்தின் நடுவில் வந்தார். வசந்தா அக்காவின் முன்னால் நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கால் நீட்டி, நெற்றி தரையில் பட, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். "எழுந்திருங்க, எழுந்திருங்க," என்றார் அந்த மணல் குரலில். கேப்டன் எழவில்லை. மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் ஒருவர் விழுந்து கும்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். கையில் மிச்சமிருந்த அட்சதையை முந்நூறு பேரும் அவர் முதுகில் தூவினார்கள். நாதஸ்வரக்காரர் இதுவும் சடங்கில் ஒன்று என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டச் சொன்னார்.